இரட்டையரையே தொழிலாக எடுக்கும் மகளுக்கு

பாம்பன்

அன்புள்ள தாயி,

டென்னிஸில் ஒற்றையரைக் குறைத்துக்கொண்டு இனி இரட்டையரையே தொழிலாக வைத்துக்கொள்ளப் போவதாக நீ சொன்னதில் அம்மாவுக்கும் எனக்கும் முழுச் சம்மதம். நம் நாட்டு ஆட்டக்காரி அங்கிதா ரெய்னா எத்தனையோ வருடம் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐ.டி.எஃப்.) போட்டிகளில் அலைந்தவர். 2021-இல் கமிலா ரகிமோவாவோடு சேர்ந்து மெல்போர்னில் பிலிப் ஐலண்ட் கோப்பையை வென்று, இரட்டையரில் முதல் நூறுக்குள் வந்தபோது அவருக்கு 28 வயது. உனக்கு 24 தான். வயதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வாரத்துக்கு ஒரு பார்ட்னரோடு ஆடுகிறாயே, அதுதான் கவலை.

ஐ.டி.எஃப். போட்டியில் பதினாறு ஜோடிக்குத்தான் இடம். இரண்டு பேரின் தரவரிசையையும் கூட்டி, தொகை குறைவாக வரும் ஜோடியை முதலில் எடுக்கிறார்கள். உனக்கு 480, பார்ட்னருக்கு 650 என்றால் 1130. அதனால் நல்ல எண் உள்ளவளாகத் தேடிப் பிடிக்கத் தோன்றும். அப்படிப் பிடிப்பவள் பெரும்பாலும் ஒற்றையரில் முன்னேறப் பார்ப்பவளாக இருப்பாள். காலையில் மூன்று செட் ஆடிவிட்டு மாலையில் உன்னோடு இறங்கும்போது அவளுக்குக் காலில் தெம்பு இருக்காது. அரையிறுதிக்குப் போய்விட்டால் இரட்டையரிலிருந்து விலகிக்கொள்வாள். அந்த வாரச் செலவு முழுக்க உன் தலையில். எண் கொஞ்சம் பின்னால் இருந்தாலும் பரவாயில்லை, இரட்டையரை நம்பியே வாழ்கிற ஒருத்தியைப் பிடி. அவள் எந்தப் பக்கம் ரிட்டர்ன் எடுக்கிறாள், சர்வ் போட்டதும் நெட்டுக்கு ஏறுகிறாளா, தோற்ற பாயிண்டுக்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா, இந்த மூன்றையும் பார். பிறகு எட்டு வாரத்துக்கான ஊர், அறை வாடகைப் பங்கு, ஒருத்திக்குக் காயம் வந்தால் என்ன செய்வது எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி.எஃப். போட்டி நிலைகளான டபிள்யூ15, டபிள்யூ35 என்ற பெயரில் இருப்பது கோப்பை வென்றால் கிடைக்கும் புள்ளிதான். டபிள்யூ35-இல் அரையிறுதி வரை போனாலே ஏறக்குறைய டபிள்யூ15 கோப்பைக்குச் சமம். துனீசியாவின் மொனாஸ்டிரிலும் துருக்கியின் அன்டால்யாவிலும் தொடர்ந்து பல வாரம் டபிள்யூ15 நடப்பதால் ஒரே அறையில் தங்கி ஆடிவிடலாம், பயணச் செலவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் 52 வாரம் கழிந்ததும் அந்தப் புள்ளிகள் உதிர்ந்துவிடும். மறு வருடமும் அதே சின்னப் போட்டிக்கே ஓட வேண்டியிருக்கும். ஜோடி நிலைத்த பிறகு மூன்று டபிள்யூ15-க்கு ஒரு டபிள்யூ35 என்றாவது கலந்து போ.

பணக் கணக்கையும் பார். டபிள்யூ15 என்றால் ஒற்றையர், இரட்டையர் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பரிசுப் பணம் 15,000 டாலர். வெல்லும் இரட்டையர் ஜோடிக்கு ஆயிரம் டாலருக்குள்தான். அதில் அந்த நாட்டு வரி போக மீதியில் பாதி உனக்கு. நம் படகுக் கணக்கு மாதிரியே, டீசலும் ஐசும் சாப்பாட்டுச் செலவும் கழித்துவிட்டுத்தான் பங்கு. போட்டியின் பெயரோடு '+எச்' என்று இருந்தால் தங்கும் இடம் அவர்கள் பொறுப்பு. ஆனால் இரட்டையர் மட்டும் ஆடுகிறவளுக்கும் உண்டா, எத்தனை இரவு என்று போட்டி விவரங்கள் உள்ள ஃபேக்ட் ஷீட்டில் பார்த்துவிட்டுப் பெயர் கொடு. ராக்கெட் நரம்பைத் தனித்தனி செட்டாக வாங்காதே. 200 மீட்டர் ரீல் வாங்கினால், ராக்கெட்டுக்கு 12 மீட்டர் என்று வைத்து, பதினாறு தடவை கட்டலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐரோப்பாவில் களிமண் தரைப் போட்டிகள் மும்முரமாக நடப்பதும் அப்போதுதான். அதற்கு வேண்டிய பணத்தை மார்ச்சுக்குள் கேட்டுவிடு. ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும். விசாவுக்கான நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் ஜனவரியிலேயே ஆரம்பி.

ஆட்டத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் போட்டிகளில் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் பாயிண்ட் வரை ஆடும் டைபிரேக். அதற்கு முன்னால் 120 விநாடி இடைவேளை உண்டு. எந்த ஜோடி சர்வ் போட வேண்டும் என்ற முறை மாறாது, ஆனால் ஜோடிக்குள் யார் முதலில் போடுவது என்பதைப் புது செட் போலவே மாற்றிக்கொள்ளலாம். ரிட்டர்ன் பக்கத்தையும் மாற்றலாம். நிறையப் பேர் இதை மறந்து, பழைய வரிசையிலேயே இறங்கிவிடுகிறார்கள். அந்த 120 விநாடியில் காற்றைப் பார். எதிர்க்காற்றிலும் யாருடைய சர்வ் தளராமல் விழுகிறதோ அவள் காற்றை எதிர்க்கும் பக்கத்திலிருந்து போட வேண்டும். ஆறு பாயிண்டுக்கு ஒருமுறை பக்கம் மாறும் என்பதையும் எண்ணிக்கொள். ஆனி ஆடியில் தென்மேற்குச் சோளகக் காற்று அடிக்கும்போது இங்கே பழகினவள் நீ. காற்று முகத்தில் அடித்தால், எதிராளி தலைக்கு மேல் போகும் லாப்பை ஓங்கித் தூக்கலாம், பந்து கோட்டுக்குள்ளேயே இறங்கும். காற்று முதுகில் இருந்தால் லாப் வேண்டவே வேண்டாம், தாழ்வாகக் குறுக்கே அடி. சர்வுக்குப் பந்தைத் தூக்கும் உயரத்தையும் ஒரு சாண் குறை. 40-40 வந்தால் ஒரே பாயிண்ட்தான். எந்தப் பக்கம் வாங்குவது என்பது ரிட்டர்ன் எடுக்கும் ஜோடியின் உரிமை, ஆனால் நீங்கள் இடம் மாறி நிற்க முடியாது. அதனால் அன்றைக்கு யாருக்குக் கை நன்றாக விழுகிறது என்று முதல் செட்டிலேயே பேசி வை. நீங்கள் சர்வ் போடும் ஜோடி என்றால் முதல் சர்வை உடம்புக்கே போடுங்கள். நெட்டில் நிற்பவள் எதிராளி ராக்கெட்டை முன்னால் கொண்டு வரும்வரை நகரக் கூடாது. முந்திக்கொண்டால் பந்து அவள் விட்ட ஓரத்தில்தான் போகும்.

முன்பின் தெரியாதவன் போனில் வந்து ஒரு கேமை விட்டுக்கொடுக்கச் சொன்னால் அன்றே டென்னிஸில் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் ஐ.டி.ஐ.ஏ. அமைப்புக்குத் தெரிவி. வாங்காவிட்டாலும் சொல்லாமல் இருப்பதே குற்றம். பார்ட்னருக்குத் தோள் வலி என்பதைக்கூட வெளியே பேசாதே. பந்தயம் கட்டக் கூடாது என்ற விதி குடும்பத்தாருக்கும் உண்டு, தம்பியிடம் நான் சொல்லிவிட்டேன். சளி மருந்தில் எஃபெட்ரின் வகை இருந்தால் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கல். அம்மா கொடுத்துவிட்ட லேகியத்தையும் எடுக்காதே, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

பார்ட்னர் யார் என்று முடிவானதும், எட்டு வாரத்துக்கான போட்டிப் பட்டியலை அனுப்பு. எந்த வாரம் எவ்வளவு பணம் வேண்டும் என்று பக்கத்திலேயே குறித்திரு.

அன்புடன்,
அப்பா