அடுத்த கிளினிக்குக்கு நீ வரவேண்டும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஐந்து நாளாக விடாத மழை. மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் போகிற படியெல்லாம் பாசி பிடித்து வழுக்குகிறது. அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் பரவாயில்லை.

போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நீ ஓய்வாக இருக்கிற நேரத்தில் இங்கே சிக்னல் இருக்காது. சிக்னல் இருக்கிற நேரத்தில் பிள்ளை உண்டாகியிருக்கிற மருமகள் என் பக்கத்தில் இருப்பாள். இதில் ஒரு விஷயம் அவள் காதில் இப்போது விழக்கூடாது. அதனால்தான் கொப்பித் தாளில் எழுதி, கொழும்புக்கு வருகிற பக்கத்துக் காம்பராத் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய்: "அவ ஒழுங்கா கிளினிக்குக்குப் போறாதானே அம்மா, அப்புறம் ஏன் பயப்படுறீங்க?" அப்போது நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். நானும் ஒழுங்காகத்தான் போனேன், ராசா.

உனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள் என்று உனக்குத் தெரியும். எப்படிப் போனாள் என்று நான் சொன்னதில்லை. அது 1994. எனக்கு வயது இருபத்தொன்று. கிளினிக் நாள் வந்தால் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாமல், அந்த நாள் பேரையும் அதற்கான கூலியையும் இழந்து, மூன்று மைல் நடந்து போவேன். ஒரு கிளினிக்கையும் தவறவிடவில்லை. காலையில் போய் வாங்கில் உட்கார்ந்தால் திரும்பிவரப் பகல் தாண்டிவிடும். நிறை பார்த்தார்கள், கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்த்தார்கள், சிறுநீர் பார்த்தார்கள், வயிற்றை நாடாவால் அளந்தார்கள். எல்லாவற்றையும் அட்டையில் எழுதினார்கள். அவர்கள் பேசியது சிங்களம். எனக்கு அப்போது சரி என்று சொல்கிற "ஹரி, ஹரி" தவிர ஒன்றும் தெரியாது. எதைக் கேட்டாலும் தலையாட்டினேன். தலையாட்டினால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

ஏழாம் மாதம் முகம் வீங்கியது. விரலில் மோதிரம் இறுகிவிட்டது. லயத்தில் பெரியவர்கள் "நீர் உடம்பு, ஆம்பளப் புள்ளதான்" என்றார்கள். தலைவலிக்குச் சித்தாலேப தடவிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனேன். ஒரு நாள் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பது போல இருந்தது. அன்று இரவு வலிப்பு வந்ததாம். எனக்கு நினைவில்லை. தோட்டத்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நான் கண் விழித்தது இரண்டு நாள் கழித்து. அதற்குள் அவளை அடக்கம் செய்துவிட்டார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து நீ வயிற்றில் இருந்தபோது தமிழ் தெரிந்த ஒரு மிட்வைஃப் வந்தார். என் பழைய அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக் காட்டினார். ஐந்தாம் மாதம் 110/70. ஏழாம் மாதம் 140/90. அதற்கு அடுத்ததில் 150/100, சிறுநீரில் புரதம். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. "இது உங்களிடம் சொன்னார்களா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. அல்லது சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை. அது எதுவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அளந்தது சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். எழுதியதும் சரிதான். அந்தச் சிவப்புக் கோடு எனக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நிறுத்திப் பார்க்க வேண்டிய உடம்போடு நான் கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறினேன்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன கிளினிக்குக்கு நான் மருமகளோடு போனேன். இப்போது எவ்வளவோ மாறிவிட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும். உன் பாட்டி ஒன்பது பெற்றதும் லயத்துக் காம்பராவில், மருத்துவச்சி கையில். உயிரோடு நின்றது ஐந்து. இன்றைக்கு லயத்தில் பிரசவம் என்ற பேச்சே இல்லை. இந்த நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு முப்பதைச் சுற்றித்தான் தாய் மரணம் என்று தாய்மார் வகுப்பில் சொன்னார்களாம். ஒரு தாய் இறந்தாலும் ஏன் இறந்தாள் என்று விசாரிப்பார்களாம். என் காலத்தில் என்னிடம் யாரும் ஒன்றும் விசாரிக்கவில்லை.

ஆனால் அந்த வாங்கில் உட்கார்ந்து நான் பார்த்தேன். தமிழ் தெரிந்த மிட்வைஃப் மிஸ் மாறுதலாகிப் போய்விட்டார். புதிதாக வந்த மிஸ் நல்ல பிள்ளை. இந்த மழையிலும் டிவிஷன் டிவிஷனாக ஏறி இறங்குகிறார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும். அவர் அட்டையைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். உன் மனைவி தலையாட்டினாள். "ஹரி மிஸ்" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அதே தலையாட்டு, தம்பி.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் மிஸ்ஸை நிறுத்திக் கேட்டேன். இரத்த அளவு, ஹீமோகுளோபின், 9.8 என்றார். 11 ஆவது இருக்க வேண்டுமாம். "மாத்திரை குடிக்கிறாளா?" என்று கேட்டார். இவள் மறுபடியும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தால், இரும்புச்சத்து மாத்திரை பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. குடித்தால் குமட்டுகிறதாம், மலம் கறுப்பாகப் போகிறதாம், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டாளாம். மலம் கறுப்பது அந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. இதை ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் அவள் குடித்திருப்பாள். அவளும் கேட்கவில்லை. நாள்தோறும் ஒரே காம்பராவில் இருக்கிற நானும் கேட்கவில்லை. என் மீதும் பிழை இருக்கிறது.

இன்னொன்று, குடித்த நாளிலும் வெறுந்தேயிலையோடுதான் குடித்திருக்கிறாள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நாம் விடிந்தால் தேத்தண்ணீர், மலைக்குப் போனால் தேத்தண்ணீர், திரும்பி வந்தால் தேத்தண்ணீர் என்று இருக்கிறவர்கள். இந்த மலையில் நிறையப் பெண்களுக்கு இரத்தம் போதாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. இப்போது இரவுச் சாப்பாடு முடிந்து நேரம் கழித்து, தேசிக்காய்த் தண்ணீரோடு என் கண் முன்னால் குடிக்கிறாள். கல்சியம் மாத்திரையைச் சேர்த்துக் குடிக்கக் கூடாது, அதைப் பகலில் கொடுக்கிறேன். கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா சத்துமாப் பாக்கெட்டையும் என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். என் அக்கா வீட்டுச் சின்னதுகள் உருண்டை கேட்டு அழுகின்றன. பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதம் கொடுக்கிற இரண்டு பாக்கெட்டும் வீடு முழுக்கப் பங்கு போனால் அவளுக்கு என்ன மிஞ்சும்?

பதிவதிலும் நாம் பிந்திவிட்டோம். எட்டு வாரத்துக்குள் மிட்வைஃபிடம் பதிய வேண்டும். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று நான்தான் தடுத்தேன். முதல் வாரங்களில் கொடுக்கிற ஃபோலிக் அமில மாத்திரை குழந்தையின் முதுகெலும்புக்கும் மூளைக்கும் தேவை என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த பிள்ளைக்கு அந்தத் தவறு நடக்காது.

நீ கொழும்பில் தனியார் இடத்தில் ஸ்கேன் எடுக்கலாம், காசு சேர்த்து வைத்திருக்கிறேன் என்றாய். உன் ஆசை புரிகிறது. ஆனால் ஸ்கேன் படத்தில் குழந்தையின் முகம் தெரியும், அவளுடைய பிரஷர் தெரியாது. இந்த உடம்போடு ஹட்டனிலிருந்து கொழும்பு வரை அவளை வளைவு வளைவாக இழுத்துப் போக வேண்டாம். தேவையான ஸ்கேனை அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே எடுப்பார்கள். அந்தக் காசில் அவளுக்கு முட்டையும் நெத்தலியும் வாங்குவோம். அவள் கிளினிக்குக்குப் போகிற நாளில் பேர் போவதற்கும் ஈடுகட்டலாம். பேர் போகும் என்றுதான் ஒரு தடவை போகாமல் இருக்கப் பார்த்தாள், உன்னிடம் சொல்லவில்லை.

எனக்கு வேண்டியது உன் காசு இல்லை, உன் சிங்களம். புறக்கோட்டையில் ஆறு வருடம் கடையில் நின்று நீ படித்த சிங்களம் இந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. வருகிற மாதம் இரண்டாவது புதன்கிழமை கிளினிக். அப்போது அவளுக்கு 28 வாரம். இரத்தம் மறுபடி பார்ப்பார்கள், சீனியும் பார்ப்பார்கள். முதலாளியிடம் இப்போதே சொல்லி இரண்டு நாள் லீவு எடு. அவளோடு உள்ளே போ. ஆம்பளை என்ன கிளினிக்கில் என்று வெட்கப்படாதே. பிரஷர் எவ்வளவு, போன தடவையை விடக் கூடியிருக்கிறதா, சிறுநீரில் ஏதாவது இருக்கிறதா, நிறை ஏறியிருக்கிறதா, குழந்தை வாரத்துக்கேற்ற வளர்ச்சியில் இருக்கிறதா என்று கேள். சொல்கிற பதிலை அவளுக்குத் தமிழில் சொல், அங்கேயே, அவர்கள் முன்னாலேயே. அவள் புரிந்துகொண்டாளா என்று அவளிடமே திருப்பிக் கேள். அட்டையில் சிவப்பு மையில் ஏதாவது இருந்தால் அது என்னவென்று தெரியாமல் எழுந்து வராதே. அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

குழந்தை வயிற்றில் அசைவதை எண்ணுவதையும் கேட்டுக்கொள். காலையிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் பத்துத் தடவையாவது தெரிய வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். அது குறைந்தாலோ, தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தம் படுவது என்று எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் போக வேண்டும். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், ஆனால் நம் லயத்தடிக்கு ஏறாது, கோயில் சந்தியில்தான் நிற்கும். அதுவரை தூக்கிப் போக நாற்காலியில் இரண்டு கம்பு கட்டி அப்பா தயாராக வைத்திருக்கிறார். மேல் லயத்துப் பையன்கள் நாலு பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

இறந்துபோன உன் அக்காவைப் பற்றி அவளிடம் இப்போது எதுவும் சொல்லாதே. பிள்ளை கைக்கு வந்த பிறகு நானே சொல்கிறேன்.

செவ்வாய் இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலை வந்துவிடலாம். கிளினிக் எட்டு மணிக்கு, ஏழு மணிக்கே நம்பர் எடுக்க வேண்டும். குளிர்ச்சட்டை எடுத்து வா. வரும்போது நல்ல தேசிக்காய் ஒரு கிலோ வாங்கி வா, இங்கே விலை கேட்கவே பயமாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா