வராதவர்களின் நோட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இளைஞர் மன்றப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக நீ நேற்று போனில் சொன்னதும் சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. "கொரோனா நேரத்துல எப்படிப்பா மன்றத்தை நடத்துனீங்க? மறுபடியும் அப்படி ஒண்ணு வந்தா நான் என்ன பண்றது?" என்று கேட்டாய். ஏதோ நாலு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி படுத்தால் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. நீ அப்போது விடுதியில் மாட்டிக்கொண்டிருந்தாய், இங்கே நடந்தது பாதிகூட உனக்குத் தெரியாது. சரி, உட்கார்ந்து எழுதிவிடுவோம் என்று எடுத்தேன்.

2020 மார்ச் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில நாட்களில் மன்றத்தைப் பூட்டினோம். இரண்டு வாரத்தில் திறந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் டேபிள் டென்னிஸ் மேசையைக்கூட மடிக்கவில்லை. கட்டிய வலையோடு மாதக்கணக்கில் அது அப்படியே தூசி படிந்து கிடந்தது.

உடனே ஜூமுக்குப் போனோம். அப்போது எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். உலகச் சாரணர் இயக்கம் வழக்கமாக அக்டோபரில் நடத்தும் இணையச் சந்திப்பை ஏப்ரல் 3 முதல் 5 வரை தனியாக ஒருமுறை நடத்தியது. நாங்களும் மாலை ஐந்து மணிக்கு என்று வைத்தோம். பதிவேட்டில் 42 பேர். முதல் நாள் 19 பேர் வந்தார்கள். ஒரு மாதத்தில் அது ஏழு பேராகக் குறைந்தது. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் இணைப்பு தானாக நின்றுவிடும், அதற்குள் விடுகதை, வினாடி வினா, படம் வரைதல் என்று என்னென்னவோ செய்து பார்த்தோம். நிகழ்ச்சி சுவையாக இல்லாததால்தான் வரவில்லை என்று நினைத்து, இன்னும் சுவையாகச் செய்யவே மெனக்கெட்டோம். அங்கேதான் தப்பு பண்ணினோம் அம்மாடி.

ஒரு பையன் இருந்தான். மன்றத்தில் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவன். ஜூமில் ஒரே ஒரு நாள் வந்தான், கேமரா அணைத்தபடி. குரலோடு எதிரொலியும் கேட்டது, நடுநடுவே யாரோ ஏறி இறங்கும் சத்தம். கேமராவைப் போடச் சொல்லி நான் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை இணைப்பைத் துண்டித்துவிட்டான். அப்புறம் வரவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து அவன் அம்மாவுக்குப் போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வீட்டில் ஒரே அறை. பேச இடமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். கையில் இருந்தது அண்ணனுடைய போன், அன்று அண்ணனுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் அண்ணன் வேலை முடிந்து வரவே எட்டு மணி ஆகிவிடும். ஐந்து மணி எங்களுக்குத்தான் வசதி. அதை அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாளை எட்டரை மணிக்கு மாற்றினோம், கேமரா போடுவதும் போடாததும் அவரவர் இஷ்டம் என்று சொன்னோம். அவன் வந்தான். அவனைப் போலவே இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

அந்த ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் யுனிசெஃப் ஒரு கணக்குச் சொன்னது: 3 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதியே இல்லை. அதைப் படித்தபோது எனக்கு அந்த மாடிப்படிதான் கண்ணில் வந்தது.

அந்தப் பையனின் விஷயம் தெரிந்த அன்றிலிருந்தே வருகைப் பதிவேட்டோடு இன்னொரு நோட்டும் போட்டேன், வராதவர்களுக்கு. யார் வரவில்லை, எப்போதிலிருந்து வரவில்லை, நம்மில் யார் பேசினோம், என்ன சொன்னார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பொறுப்பாளர்கள் எல்லாரும் போனில் கூடி அந்த நோட்டை மட்டும் பார்ப்போம். வந்தவர்களைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேச்சே கிடையாது.

விதிகள் கொஞ்சம் தளர்ந்ததும் வீட்டு வாசலுக்குப் போக ஆரம்பித்தோம். உள்ளே போகக்கூடாது, இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். கையில் ஒரு பை, அதில் வரைதாள், வண்ணப் பென்சில், ஒரு புத்தகம். பை ஒரு சாக்குதான். பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தான் போனோம். ஒரு பெண் குழந்தை பையை வாங்கிக்கொண்டு உள்ளே போகாமல் அப்படியே நின்றாள். முகக்கவசத்தின் நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். நாங்களும் ஒன்றும் கேட்காமல் நின்றோம். ரொம்ப நேரம் கழித்து, "பாட்டி செத்துப் போயிட்டாங்க, பார்க்க விடலை" என்றாள். ஜூமில் அவள் ஒரு நாளும் தவறாமல் வந்தவள், சிரித்த முகமாக. அதற்கப்புறம் வந்தவர்களின் பெயரையும் அந்த நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. எங்கள் கூட்டத்துக்குள் ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவன் புகுந்து அசிங்கமாகப் பேசினான். கூட்டத்துக்குள் நுழையும் இணைய முகவரியை எல்லாரும் பார்க்கும் இடத்தில் போட்டது என் தவறு. அப்போது உலகம் முழுக்க இதே தொல்லை. ஏப்ரலில் ஜூம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் தானாகவே இயங்கும்படி மாற்றியது. இணையத்திலும் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக அரட்டையில் பேசுவது கூடாது. சொந்த எண்ணைக் கொடுக்காதே, மன்றத்துக்கென்று ஒரு போன் வைத்துக்கொள். கூட்டத்தை வீடியோவாகப் பதிவு செய்யாதே. பெற்றோரின் ஒப்புதலை முதலிலேயே வாங்கிவிடு.

திரும்பத் திறந்தபோது ஆறு ஆறு பேராகக் குழு பிரித்தோம், ஒரு குழு இன்னொன்றோடு கலக்காது. மட்டையையும் பந்தையும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துடைத்தோம், கை வெந்துபோகிற அளவுக்கு. அதே நேரம் சத்தம் வெளியே போகிறது என்று ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம்! மேசையை விடக் காற்றில்தான் ஆபத்து அதிகம் என்பது எங்களுக்கு மெல்லத்தான் புரிந்தது. அமெரிக்காவில் ஸ்காஜிட் என்ற இடத்தில், 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு நோய் அறிகுறி இருந்தது, மற்றவர்களில் 52 பேருக்கு அது பரவியது, இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதைப் படித்த அன்றே பாட்டையும் நாடகத்தையும் மைதானத்துக்கு மாற்றினோம். நீ முதலில் உன் கூடத்தின் ஜன்னல்கள் திறக்கின்றனவா என்று பார். பெயின்ட் அடித்து ஒட்டிப்போயிருந்தால் இப்போதே ஆள் வைத்துச் சரிசெய்.

பணம் முட்டும். வாடகை நிற்காது, நிதி திரட்டும் நிகழ்ச்சி எல்லாம் நின்றுபோகும். நன்கொடை கொடுத்தவர்களிடம் மறைக்காமல், சுற்றுலாவுக்குத் தந்ததை டேட்டா ரீசார்ஜுக்குச் செலவு செய்யலாமா என்று கேள். பெரும்பாலானோர் சரி என்பார்கள். வயதான தன்னார்வலர்கள் வர முடியாமல் போகும்போது அவர்களை விட்டுவிடாதே. எங்களிடம் ஒரு பெரியவர் வீட்டில் இருந்தபடியே வாரம் பத்துப் பிள்ளைகளுக்குக் கைப்பட கடிதம் எழுதினார். பதில் போடாத பிள்ளைகளுக்கும் நிறுத்தவில்லை.

உன்னையும் கவனித்துக்கொள். அந்த ஆண்டு நான் பலநாள் ராத்திரி சாப்பிடாமலே படுத்தேன், பிள்ளைகள் சொன்னதையெல்லாம் சுமந்துகொண்டு. பக்கத்து மன்றங்களின் பொறுப்பாளர்களோடு திங்கட்கிழமைதோறும் அரை மணி நேரம் பேச ஆரம்பித்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அப்படி ஒரு வட்டத்தை நல்ல காலத்திலேயே அமைத்துக்கொள்.

2023 மே 5-இல் கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் அந்த நோட்டு எங்களிடம் முடியவில்லை, இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துப் பார்க்கிறோம். பழைய நோட்டை உனக்கு அனுப்ப முடியாது அம்மாடி. பிள்ளைகள் நம்பிச் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் மட்டும் கோடு போட்டு இதோடு அனுப்புகிறேன். கடைசிக் கட்டத்தில் "அடுத்து எப்போது?" என்று எழுதியிருக்கிறேன், அதைக் காலியாக விடாதே.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, உன் மன்றத்தில் இப்போது யார் யார் வராமல் இருக்கிறார்கள் என்று சொல்.

அன்புடன்,
அப்பா