ஒரு முறை ‘நார்மல்’ என்று வந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக அரசு 2023-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களும் சேர்க்கப்பட்டது கொங்குப் பகுதிப் பெண்களுக்குக் கிடைத்த பெரும் நன்மை. பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே கருப்பை வாய்ப் புற்றுநோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் அமிலம் தடவிப் பார்ப்பதும், கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்க உதவும் கால்போஸ்கோப் கருவியும் காட்டுவது மேற்பரப்பை மட்டுமே. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, நோய் பெரும்பாலும் தொடங்கும் பகுதி கருப்பை வாயின் உட்குழாய்க்குள் சென்றுவிடுகிறது. சுரப்பித் திசுவில் தோன்றும் புற்றும் பல சமயம் உள்ளேயே வளர்கிறது. அத்தகையவர்களுக்கு மேலிருந்து கிள்ளியெடுத்த சதையில் சில சமயம் ‘நார்மல்’ என்று முடிவு வந்துவிடுகிறது, உதிரப்போக்கோ நிற்பதில்லை. நான் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில், சென்னிமலைப் பக்கத்துத் தறிக்கார அம்மா ஒருவர், “போன தடவையே ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்க சிஸ்டர், இன்னொருக்கா எதுக்குங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு வீட்டிலேயே இருந்துவிடும் பெண்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

இவர்களுக்கு உதவக்கூடியது ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஆழத்திலிருந்து சதை எடுக்கும் முறை. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் கருவியோடு ஊசியின் வழிகாட்டியையும் பொருத்தி, திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும் ஊசிமுனை சந்தேகத்துக்குரிய இடத்தை அடைந்ததும், நூல்துண்டு போன்ற சிறு திசுவை எடுத்து ஃபார்மலின் புட்டியில் இட்டு நோய்க்குறியியல் மருத்துவருக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியே போதும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று ஊரில் பேசிக்கொள்வதை நம்பி யாரும் பின்வாங்க வேண்டாம். புற்று எவ்வகை என்பது தெரியாமல் சிகிச்சையையே தொடங்க முடியாது.

இது எல்லோருக்குமான முதல் பரிசோதனை அன்று. கால்போஸ்கோப் பார்த்து எடுக்கும் சதைப் பரிசோதனையே இன்றும் முதற்படி. அது விடை தராதபோதும், கட்டி ஆழத்தில் இருப்பதாக ஸ்கேன் காட்டும்போதும் அடுத்த படி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மகப்பேறு மருத்துவர் ஒரு நாள், ஸ்கேன் மருத்துவர் வேறொரு நாள் என்று அலைக்கழித்தால், தாளவாடியிலிருந்து மலையிறங்கி வரும் பெண்ணும், காரணம் சொல்லக் கூச்சப்பட்டுச் சம்பளம் விட்டு வரும் பனியன் கம்பெனிப் பெண்ணும் இரண்டாம் முறை வருவதில்லை. ஆகவே கொங்கு மாவட்டங்களின் தலைமை அரசு மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாளாவது இருவரும் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்யவும், சதை முடிவு ‘நார்மல்’ என்று வந்த பின்பும் உதிரப்போக்கு நீடிக்கும் பெண்களின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியர்கள் தனியே வைத்திருந்து மீண்டும் அழைத்துவரவும் மக்கள் நல்வாழ்வுத் துறை உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.