உன் சுகர் ரிப்போர்ட் பார்த்தேன்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள மல்லிகா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். போனிலேயே பேசிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாம் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே "அத்தை கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் அத்தை தூங்கும் நேரம் பார்த்துத் தவணை முறையில் படித்துக்கொள்ளலாம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் இங்கத்துச் சேதி. இவருக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு உடம்பு தேறிவிட்டது. பெரியவள் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கம்பெனி பஸ் இருட்டோடு வந்துவிடும், அதனால் எங்கள் வீட்டு அடுப்பு நாலரைக்கே பற்றிக்கொள்கிறது. மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் இறக்கிவிடுகிறான். நான் இன்னும் அதே லேபில்தான். ரத்தம் எடுக்கிற வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ரிப்போர்ட் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஹெச்பிஏ1சி 6.9 இருந்தது, இப்போது 8.2. மாத்திரை அதேதான், சாப்பாடும் அதேதான், "சர்க்கரை டப்பாவைத் தொடவே இல்லை விஜி" என்று சத்தியம் செய்யாத குறையாக எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். ஆனால் அந்த நம்பர் ஒருநாள் கணக்கு இல்லையே, ரத்தச் சர்க்கரையின் சுமார் மூன்று மாதத்துச் சராசரி. இந்த மூன்று மாதத்தில் உன் சாப்பாட்டில் என்ன மாறியது என்று தேடுகிறாய். மாறியது உன் ராத்திரி.

நாம் ரெண்டு பேரும் ஒன்றாக டி.எம்.எல்.டி. என்ற லேப் படிப்பு படித்தவர்கள். உனக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் நம் ரிப்போர்ட்டை நாமே பார்க்கும்போது படித்ததெல்லாம் மறந்துபோகிறது. ராத்திரி ஒரு மணிக்கு, மறதி நோய் வந்த உன் மாமியார், அத்தை, எழுந்து வாசல் தாழ்ப்பாளைத் தள்ளும் சத்தம் கேட்டு ஓடுகிறாயே, அந்த நொடியில் அட்ரினலின் ஏறுகிறது. இதயம் படபடக்கிறது, பிரஷர் கூடுகிறது, கல்லீரல் தன்னிடம் இருக்கும் குளுக்கோஸை எடுத்து ரத்தத்தில் விடுகிறது. புலி துரத்தினால் ஓடுவதற்கு அந்தச் சர்க்கரை வேண்டும். நீ ஓடியதோ வாசல்வரைக்கும்தான். பின்னாலேயே கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து, இன்னும் குளுக்கோஸ் தயார் செய் என்று கல்லீரலை விரட்டுகிறது, இன்சுலினையும் சரியாக வேலை செய்யவிடுவதில்லை. கார்டிசால் விடியற்காலையில் உச்சத்துக்குப் போய், நடுராத்திரியில் அடங்கிக் கிடக்கும். அதனால்தானே காலை எட்டு மணிக்கு சாம்பிள் எடுக்கச் சொல்கிறோம். உனக்கு நடுராத்திரியிலேயே விடிந்துவிடுகிறது.

தூக்கம் கெட்டால் மட்டும் என்ன ஆகும் என்று சிகாகோவில் பார்த்திருக்கிறார்கள், 1999இல் வந்த ஆய்வு. ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேர். ஆறு ராத்திரி, தினமும் நாலு மணி நேரம்தான் படுக்கை. அதற்குள்ளேயே அவர்களுடைய உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கத் திணற ஆரம்பித்துவிட்டது. வாலிபப் பையன்களுக்கே அந்தக் கதி. நமக்கு வயது என்ன ஆகிறது?

இதைச் சொன்னதும் நீ "அப்ப எல்லாம் டென்ஷன்தானா, டாக்டரும் அதைத்தான் சொன்னார்" என்பாய். எல்லாம் டென்ஷன் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறி வைத்தியம். வயிற்றுப் புண் என்று போனவர்களை எத்தனை வருஷம் "கவலைப்படாதே, காரத்தைக் குறை, பாலைக் குடி" என்று சொல்லியே அனுப்பினார்கள்! கடைசியில் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பாக்டீரியா என்று காட்டினார்கள். மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். 2005இல் ரெண்டு பேருக்கும் நோபல் கொடுத்தார்கள். அதனால் உனக்கு மருந்து அளவு மாற்றவேண்டுமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேள். "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. இன்னொன்று, ஊரில் 'ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்' என்று விளம்பரம் செய்து கார்டிசால் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். காசைக் கரியாக்காதே. அட்ரினல் சுரப்பியில் வேறு ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று டாக்டர் சந்தேகப்பட்டால்தான் அந்த டெஸ்டுக்கு வேலை. உன் மனக் கஷ்டத்தை ஒரு டியூப் ரத்தத்தில் அளக்க முடியாது.

இட்லிப் பானை ஆவி பட்டு மணிக்கட்டில் வெந்த புண் இன்னும் ஆறவில்லை என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாய். எனக்கு ரிப்போர்ட்டைவிட அந்த வரிதான் உறுத்தியது. சர்க்கரை கூடினால் புண் சீக்கிரம் ஆறாது, அது ஒரு பக்கம். ஆனால் 1995இல் அமெரிக்காவில் ஒஹாயோவில் நடந்த ஒரு ஆய்வைக் கேள். நினைவு தப்பிப்போன சொந்தக்காரரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அதே வயசில் அந்தப் பாரம் இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே மாதிரிச் சின்னக் காயம் செய்து, எப்போது ஆறுகிறது என்று பார்த்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாள் அதிகம் ஆனது. ஒன்பது நாள், மல்லிகா! மனசில் இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்வது தோலில் வந்து நிற்கிறது.

சரி, என்ன செய்வது? "எனக்கு யாரு இருக்கா" என்று நீ உடனே கேட்பாய். அதைப் பற்றித்தான் உனக்கு ஒன்று சொல்லவேண்டும்.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ், ஆளுக்கு ஒரு கிலோ ஆப்பிள். வந்து உட்கார்ந்ததும், அவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி அடைப்பு இருந்ததையும், அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதையும் விலாவாரியாகச் சொல்வார்கள். அப்புறம் அறிவுரை. பூண்டு, வெந்தயம், ஏதோ ஊரில் ஒரு கஷாயம். எல்லோரும் கிளம்பின பிறகு நான் மெஷினில் பிரஷர் பார்ப்பேன், 150ஐத் தாண்டி நிற்கும். யாரும் வராத நாளில் 130க்குக் கீழே. அன்பாகத்தான் வந்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் "நீ நோயாளி" என்று நினைவுபடுத்திவிட்டுத்தான் போனார்கள்.

கீழ்வீட்டில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்து ரிட்டயர் ஆன சார் ஒருவர் இருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குக் கரண்ட் போய்த் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, மொட்டைமாடியில் எல்லா வீட்டு அரிசியையும் ஒன்றாகப் போட்டுக் கஞ்சி காய்ச்சினோம். அப்போதுதான் அவரிடம் பேசிப் பழக்கம், அதுவரைக்கும் படியில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. இவர் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் அவர் மேலே ஏறி வந்து, "சார், டாக்டர் என்னை தினமும் நடக்கச் சொல்லியிருக்கார். தனியாப் போனா போரடிக்குது, துணைக்கு வர முடியுமா?" என்றார். உடம்பு எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலில் தெருமுனை, அப்புறம் பார்க், இப்போது ஸ்டேஷன் வரைக்கும் போய் டீ குடிக்காமல் திரும்பி வருகிறார்கள் (அப்படித்தான் என்னிடம் சொல்கிறார்கள்). அந்த சாருக்கு ஒரு வியாதியும் கிடையாது, அவர் வீட்டம்மா என்னிடம் சொல்லிவிட்டார். இவரோ இன்றைக்கு வரைக்கும் தான்தான் அவரை நடத்திக் கூட்டிப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். கெடுப்பானேன்?

இதையும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நியூயார்க்கில் வக்கீல் பரீட்சைக்குப் படிக்கிறவர்களையும் அவர்களுடைய துணையையும் தினமும் தனித்தனியாக டைரி எழுதச் சொன்னார்கள், 2000இல் வந்தது. துணை உதவி செய்ததாக எழுதி, படிக்கிறவர் அதைக் கவனிக்காமலேயே இருந்த நாட்களில்தான் மனச்சோர்வு குறைவாக இருந்தது. உதவி வாங்குகிறோம் என்று தெரிந்தால் அதுவே ஒரு பாரம் ஆகிவிடுகிறது. நீ யாரையும் கிட்டே சேர்க்காததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உன் நாத்தனார் வந்தால் உதவியோடு சேர்த்து ஒரு மதிப்பெண் பட்டியலும் கொண்டுவருகிறாள். அந்த எரிச்சலில் உதவியையே வேண்டாம் என்றுவிட்டாய்.

அதற்காக வெள்ளிக்கிழமைத் திருப்புகழ் வகுப்பை ஏன் நிறுத்தினாய்? அதுதான் எனக்குப் புரியவில்லை. 1997இல் 276 பேருக்கு மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டு விட்டு, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்த்தார்கள். சொந்தம், நட்பு, அக்கம்பக்கம், வேலை செய்யும் இடம், கோயில் கூட்டம் என்று ஆறு வகை உறவோ அதற்கு மேலோ இருந்தவர்களோடு ஒப்பிட்டால், மூன்று வகைக்குள் சுருங்கிப்போனவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்கு. எத்தனை பேரைத் தெரியும் என்பதில் ஒன்றுமில்லை, எத்தனை விதமான இடத்தில் நமக்கு ஒரு ஆசனம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. நீ இப்போது மருமகள், பெண்டாட்டி, அம்மா. மூன்றும் ஒரே வீட்டுக்குள். திருப்புகழ் வகுப்பில் உன்னை யாரும் அத்தையின் மருமகளாகப் பார்க்கவில்லை, ரெண்டாவது வரிசையில் சுருதி விலகாமல் பாடுகிறவளாகப் பார்த்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தை ஆடம்பரம் என்று நினைக்காதே. உன் மெட்ஃபார்மின் சுகர் மாத்திரையைப் போல அதையும் சீட்டில் எழுதவேண்டும்.

இன்னொன்று, கோபப்படாமல் கேள். தினமும் காலையில் அத்தையிடம் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிறாயாமே. விட்டுவிடு. மாற்ற முடிந்ததை மாற்றப் பார்ப்பது ஒரு வழி, மாற்ற முடியாததால் வரும் வேதனையைத் தணித்துக்கொள்வது இன்னொரு வழி. லாசரஸ், ஃபோக்மன் என்ற ரெண்டு உளவியல்காரர்கள் 1984லேயே இதைப் பிரித்து எழுதினார்கள். அத்தையின் ஞாபகம் உன் கையில் இல்லை. ராத்திரி உன் கையில் இருக்கிறது. நீ எல்லாச் சக்தியையும் ஞாபகத்தில் போட்டுவிட்டு, ராத்திரியைத் தலைவிதி என்று விட்டுவிட்டாய். வாசல் தாழ்ப்பாளை மேலே கை எட்டாத இடத்துக்கு மாற்று, ஆசாரிக்கு அரைமணி நேர வேலை. விழித்துக் கேட்க உள்ளே ஒரு ஆள் இருக்கவேண்டும், அதையும் மறக்காதே. வாரத்தில் ரெண்டு ராத்திரிக்காவது ஆள் போடு. நகைச் சீட்டுப் பணத்தை எதற்குச் சேர்க்கிறாய்?

இங்கே அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இருக்கிறது, டாக்டர் சாரதா மேனன் 1984இல் ஆரம்பித்தது. முதியோர் மறதி நோய்க்கும் பார்க்கிறார்கள், குடும்பத்தாருக்கும் வழி சொல்லித்தருகிறார்கள். திருச்சிப் பக்கம் யாரைப் பார்க்கலாம் என்று நான் விசாரித்து வைக்கிறேன். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416க்குப் போன் போடு, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க வரும் நர்ஸ் அத்தைக்கும் வருவாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவை.

பொங்கலுக்கு முந்தின வாரம் எனக்கு லீவு இருக்கிறது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. சமயபுரத்தில் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, இவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வேண்டிக்கொண்டது. லாட்ஜில் தங்கக் காசில்லை, உன் வீட்டில்தான் தங்குவேன். எனக்கு இப்போதெல்லாம் ராத்திரியில் சீக்கிரம் தூக்கம் வருவதில்லை, அத்தை பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொடு, அவர்களோடு பழங்கதை பேசிக்கொண்டிருக்கிறேன். நீ மாடியில் படுத்துக்கொள். என்ன சிரிக்கிறாய்? வேண்டுதல் நிஜம்தான்.

அதற்குள் அந்த மணிக்கட்டை வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. டி.டி. ஊசி போட்டாயா என்றும் எழுது.

அன்புடன்,
விஜி