டீச்சருக்கும் தெரியாத கேள்வி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். "கிளாஸ்ல என்ன கேட்டாலும் பிள்ளைங்க வாயே திறக்க மாட்டேங்குதுங்கப்பா, முன் பெஞ்சுல மூணு பேர்தான் பதில் சொல்றாங்க" என்று போனில் சொன்னாயே, அது மனசிலேயே நிற்கிறது. சாவகாசமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

நன்னூலில் வினா ஆறு வகை என்று படித்திருப்பாய். பதில் தெரிந்தே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. முதலாவதற்கு ஆசிரியர் மாணவனிடம் கேட்பதையும், இரண்டாவதற்கு மாணவன் ஆசிரியரிடம் கேட்பதையும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஆனால் ஆசிரியரும் அறியாவினா கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஒளிச்சேர்க்கைக்கு என்னென்ன தேவை என்பது உனக்குத் தெரியும். அதை எதிரே நிற்கிற பையன் எப்படிப் புரிந்து வைத்திருக்கிறான் என்பது தெரியாது. அதைக் கேள்.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் 0.5 பெரிசா, 0.45 பெரிசா என்று கேட்டேன். பாதி வகுப்பு 0.45 என்றது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தனிடம் ஏன் என்றேன். "4.5 ஓவர்னா நாலு ஓவர், அஞ்சு பால் சார். அப்ப 0.5 அஞ்சு பால், 0.45 நாப்பத்தஞ்சு பால்" என்றான். கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துப் பார்த்து, புள்ளிக்கு முன்னால் ஒரு எண், பின்னால் வேறொரு எண் என்று பழகியிருக்கிறான். நான் சரி, தப்பு எதுவும் சொல்லாமல், "இவன் சொல்றது பத்தி யார் என்ன நினைக்கறீங்க?" என்று வகுப்பைக் கேட்டேன். ஒரு பெண் எழுந்து, "ஓவருக்கு ஆறு பால்தானே, நாப்பத்தஞ்சு எங்கிருந்து வரும்?" என்றாள். இன்னொருத்தன் மீட்டர் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு வந்து 45 சென்டிமீட்டரிலும் 50 சென்டிமீட்டரிலும் விரல் வைத்துக் காட்டினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தப் பையனே, "அப்ப ஓவர்ல வர்ற புள்ளி வேற புள்ளி சார்" என்றான். தசம இடமதிப்பை நான் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டிருந்தாலும் அவன் இப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

இதற்குப் பொறுமை வேண்டும், கண்ணு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்து, 1970களில் எழுதினார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்களாம். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைக் கேட்பார்கள், இல்லையென்றால் தாங்களே சொல்லிவிடுவார்கள். மூன்று நொடி பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார் அவர். நாம்தான் உடனே "வெரி குட்" என்று முடித்து வைத்துவிடுகிறோமே.

பேரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காதே. கேட்டுவிட்டு, எல்லாரும் யோசிக்க விட்டு, பிறகு பேரைச் சொல். முதலிலேயே பேர் சொன்னால் மற்றவர்களுக்கு யோசிக்க வேலையே இல்லை. கவனிக்காத பிள்ளையை மடக்குவதற்காக எழுப்பிக் கேட்பதும் வேண்டாம், கேள்வி என்றாலே பயம் வந்துவிடும். "புரிஞ்சுதா?" என்று கேட்பதை அடியோடு விடு. கோரஸாக "புரிஞ்சுது மிஸ்" என்பார்கள், உனக்கு ஒன்றும் தெரியவராது.

நாற்பது பேரையும் பேச வைக்க ஒரு வழி இருக்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து செய்வது. விடைகளோடு ஒரு கேள்வியைப் போடுவார். ஒவ்வொருவரும் தனியாக ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் ஏன் என்று வாதாட வேண்டும். கடைசியில் மறுபடி ஒரு முறை தேர்வு. பதிலைப் பதிவு செய்ய அவருக்குக் கருவி இருந்தது, உனக்குச் சிலேட்டோ ரஃப் நோட்டோ போதும். தனியாக எழுதுவதை மட்டும் விட்டுவிடாதே. எழுதாமல் பேச விட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சொல்வதற்கு மற்றது தலையாட்டிவிடும்.

நீ இருப்பது கடலோர ஊர். கடற்காற்று, நிலக்காற்று பாடம் வரும்போது புத்தகத்தைத் திறக்குமுன், "உங்க வீட்ல எத்தனை மணிக்குக் கடலுக்குப் போறாங்க? அந்த நேரத்துல காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?" என்று கேள். வாடை, கொண்டல், கச்சான் என்று கரையில் காற்றுக்குப் பேரே உண்டு. கோபிச்செட்டிபாளையத்தில் வளர்ந்த உனக்கு அதெல்லாம் நிஜமாகவே தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியும். டீச்சருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று வந்துவிட்டால் பின் பெஞ்சும் பேசும். ஒருத்தர் ஒன்று சொல்ல இன்னொருத்தர் மறுப்பார்கள். மறுக்கட்டும். பகலில் மணல் சுடுகிறதே, தண்ணீர் ஏன் அவ்வளவு சுடுவதில்லை என்று அங்கிருந்து கொண்டுபோனால் பாடம் தானாக வந்துவிடும்.

போர்ஷன் முடிக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்பார், அவர் கேட்பதும் நியாயம்தான். அதனால் பத்தாம் வகுப்பில் இப்போது கை வைக்காதே. ஏழாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு பீரியட் மட்டும் எடுத்துக்கொள். கேட்கப்போகிற கேள்வியை முதல் நாள் ராத்திரியே எழுதி வை, வகுப்பில் நின்றுகொண்டு நல்ல கேள்வி யோசிக்க யாராலும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அந்தக் கேள்வியையும், யார் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் அவர்கள் வார்த்தையிலேயே சொல்.

அன்புடன்,
அப்பா