உன் வயல் விதையும் ஒரு புரதமும்

அன்புள்ள முருகேசா,

கடிதமும் கண்வலிப் பூவின் படமும் கிடைத்தன. பொழுது விடியும்போதே பந்தலுக்குள் நுழைந்து, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறாய் என்று படித்ததும் மூலனூர் வந்தது போல இருந்தது. அப்பாவின் கால் பெருவிரல் வீக்கம் வடிந்ததில் நிம்மதி. அவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை கோல்ச்சிசின் என்கிறாய். உன் கண்வலிச் செடியின், அதாவது செங்காந்தளின், விதையில் இருப்பதும் அதே பொருள்தான், தெரியுமா?

செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கட்டப்படும் நுண்குழல்களைக் கோல்ச்சிசின் கட்டவிடாது; பிரிதல் நின்றுபோகும். ஆனால் ஆய்வகத்தில் அந்த நஞ்சிலேயே பிழைத்துப் பெருகிய வெள்ளெலிச் செல்கள் உண்டு. 1976-இல் கனடாவின் டொராண்டோவில் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் அவற்றின் சவ்வில் ஒரு பெரிய புரதம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். மருந்து உள்ளே புகாமல் அது தடுக்கிறது என்று எண்ணி, ஊடுருவலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைச் சேர்த்து, பி-கிளைக்கோபுரதம் என்று பெயரிட்டார்கள். உண்மையில் அது தடுப்புச் சுவர் அல்ல, இறைக்கும் பம்பு என்பது பிறகு தெளிவானது.

இரண்டு கைகளையும் கூப்பு. விரல்நுனிகள் சேர்ந்திருக்கட்டும், மணிக்கட்டுகள் விலகட்டும். விரல்நுனி செல்லுக்கு வெளிப்பக்கம், மணிக்கட்டு உட்பக்கம். எண்ணெய்ப்பசை கொண்ட சவ்வின் வழியே நழுவி வரும் மருந்து உள்ளங்கைகளுக்கு நடுவே சிக்குகிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் இரண்டு வந்து ஒட்டியதும் மணிக்கட்டுகள் சேர, விரல்கள் விரிய, மருந்து வெளியே போகிறது. நித்தியகல்யாணியில் கிடைக்கும் வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்செல் என்று ஒன்றுக்கொன்று உருவத்தில் சம்பந்தமே இல்லாத புற்றுநோய் மருந்துகளை ஒரே புரதம் தள்ளுவதுதான் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. ஒரு மருந்துக்குப் பழகிய புற்றுக்கட்டி பலவற்றுக்கும் அசையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பம்பை அடைத்துவிட்டால் புற்றுநோய் தோற்கும் என்று பல ஆண்டுகள் முயன்றார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. எனக்கு அதில் பெரிய வியப்பு இல்லை. இது புற்றுச் செல்லுக்கு மட்டும் உரியதா என்ன? குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றிலும் காவல் இருக்கிறது. 1994-இல் நெதர்லாந்தில் இந்தப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு உண்ணிப்பூச்சி ஒழிய ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். மற்ற எலிகள் தாங்கிக்கொண்ட அந்த மருந்து இவற்றின் மூளைக்குள் தேங்கிக் கொன்றுவிட்டது. சுமார் 100 மடங்கு கூடுதலாக அவற்றைத் தாக்கியது.

இதையெல்லாம் நீட்டி எழுதக் காரணம் அப்பாதான். கோல்ச்சிசினை உடலிலிருந்து வெளியேற்றுவதில் இந்தப் பம்புக்கும் கல்லீரல் நொதி ஒன்றுக்கும் பங்கு உண்டு. சளிக்கோ இருமலுக்கோ கொடுக்கப்படும் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இரண்டையும் சேர்த்து முடக்கும். அப்போது வழக்கமான அளவே நஞ்சாகிவிடும், உயிர்கள் போயிருக்கின்றன. சிறுநீரகம் தளர்ந்த வயதில் ஆபத்து இன்னும் அதிகம். யார் எந்த மருந்து எழுதினாலும், கோல்ச்சிசின் சாப்பிடுகிறார் என்பதை நீயே முதலில் சொல். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

விதைக்காய் பறிக்கும் நாளில் வருகிறேன். அப்பாவின் மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வை, ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

உன்,
சண்முகம்