தேருக்கு வழி விட்டவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து முருகன் கோவிலின் பங்குனி உத்திரத் தேர், இந்த முறை யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் வீதி சுற்றி நிலைக்கு வந்து சேர்ந்தது. சாமி காரியத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பார்த்துக்கொண்டது சாமிதான். ஆனால் சாமி சார்பில் கையொப்பம் போட்டவர்களும், முத்திரை குத்தியவர்களும், இரும்புத் தடுப்பைத் தோளில் சுமந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் பதவியை மட்டும் சொல்கிறோம், உரியவர்களுக்குப் புரியும்.

வெளியூர் வாசகர்களுக்கு நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தேர் முன்பு தோட்ட ரோட்டோடு திரும்பிவிடும். பிரதான வீதிக்கு இறங்க வேண்டும் என்பது பெரியவர்களின் நெடுநாள் ஆசை. அந்த வீதியோ ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் போகிற ஒரே வழி மாதிரி. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். பங்குனி உத்திரம் அந்த நெரிசலின் நடுவில் வருகிறது, இம்முறை போயா தினத்திலேயே, அதாவது பௌர்ணமி விடுமுறையிலேயே வந்தது. மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற நாளில் வீதியை மறித்துத் தேர் இழுக்கப்போகிறோம் என்று சொன்னால் யார்தான் உடனே சரி என்பார்கள்? (போயாவில் ஒரு நன்மையும் உண்டு. சாராயக் கடைகள் பூட்டு. கூட்டத்தை அடக்க அதைவிடப் பெரிய உதவியை எந்த அலுவலகமும் செய்ய முடியாது.)

முதல் நன்றி கிராம உத்தியோகத்தருக்கு. தேர் போகிற பாதை ஒன்றுதான், ஆனால் அதற்குச் சொந்தக்காரர் மூன்று பேர் என்று ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டியவர் அவர். கோவில் வாசலிலிருந்து கொழுந்து நிறுக்கிற மடுவம் வரை தோட்ட நிர்வாகத்தின் ரோடு. அங்கிருந்து பாலம் வரை பிரதேச சபை. பாலம் தாண்டினால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. அந்தத் தாள் கையில் இல்லாமல் போயிருந்தால் இன்னமும் கோப்போடு அலைந்துகொண்டிருப்போம். ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், கடிதத்தைப் படிக்காமலேயே "இது எங்கட ரோடு இல்ல" என்று திருப்பித் தந்தார்கள். அந்த வரைபடத்தைக் காட்டிய பிறகுதான் உட்காரச் சொன்னார்கள்.

தோட்டத்து முகாமையாளர் துரை அவர்கள் அனுமதியோடு நிற்காமல் பெக்டரியிலிருந்து ட்ரக்டரும் கொடுத்தார். பிரதேச சபை, தோட்ட ரோட்டுக் குழிகளைக் கல் போட்டு நிரப்பித் தந்தது. சும்மா சொல்லவில்லை, இது சின்ன விஷயமல்ல. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணம் வருவதற்கு நெடுங்காலம் தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெரியவர்களுக்குச் சபையின் கல் லொறி தோட்டத்துக்குள் வந்ததே ஒரு திருவிழா.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி மாத்தயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஊர்வலம் தொடங்க 6 மணித்தியாலத்துக்கு முன் பொலிஸுக்கு அறிவித்தால் சட்டத்துக்குப் போதும். ஆனால் அதை நம்பி வந்து நிற்காதீர்கள், பிரதான வீதி என்றால் முன்கூட்டியே பேச வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்புலன்ஸ் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்தும் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். நியாயமான பேச்சு, மறுத்துப் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை.

வழி கண்டுபிடித்தவர் போக்குவரத்துப் பிரிவு சார்ஜன். தடுப்புகளை வீதிக்குக் குறுக்கே வைக்காமல் நடுக்கோட்டோடு நீளவாக்கில் வைக்கச் சொன்னார். மலைப்பக்கம் தேரும் சனமும், பள்ளத்துப் பக்கம் வெறும் பாதை. சனம் பள்ளத்துப் பக்கம் சாயாது, அம்புலன்ஸும் நிற்காது. ஒவ்வொரு தடுப்பையும் அடுத்ததோடு கயிற்றால் கட்ட வைத்தார், தனித்தனியாக நின்றால் கூட்டம் தள்ளும்போது சரிந்துவிடும் என்று. இடையிடையே ஆள் நுழைகிற அளவு இடைவெளி விட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையன். மயக்கம் போட்ட அம்மா ஒருவரை அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியே எடுத்தோம். கொழும்புப் பக்கமிருந்து வந்த யாத்திரை பஸ்களைக் கினிகத்தேனையிலேயே திருப்பி நோட்டன் பிரிட்ஜ் வழியாக மஸ்கெலியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எந்தத் தடுப்பும் தாங்கியிருக்காது.

மின்சார சபை டிப்போ ஊழியர்களே, உங்களுக்கு என்ன சொல்வது! பறவைக்காவடி ட்ரக்டரில் உயரமாக வரும். கம்பி குறுக்கிட்டால் இளந்தாரிகள் கவைக்கம்பால் தூக்கிவிடுவது ஊர் ஊராக நடக்கிற வேலை, நினைத்தாலே வயிறு கலங்கும். முதல் நாளே வந்து தேரின் கலசம் வரையும் காவடி மரத்தின் நுனி வரையும் அளந்து, வீட்டு இணைப்பு வயர்களை உயர்த்திக் கட்டினீர்கள். தேர் வருகிற நேரம் அந்தத் துண்டுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தி, தாண்டியதும் திருப்பித் தந்தீர்கள். மழைத் தூறலில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு தேரோடு நடந்தே வந்த அந்தத் தம்பி, பிரசாதம்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அன்னதானச் சமையலைப் பார்வையிட்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வாகனம் நிறுத்த வளவைத் திறந்துவிட்ட பன்சலை (பௌத்த விகாரை) பிக்கு ஹாமுதுருவோ, சிங்களக் கடிதங்களை அடித்துத் தந்த டீச்சர், கடை வாசல் பலகைகளை உள்ளே எடுத்த முதலாளிமார் எல்லோருக்கும் நன்றி. ஒலிபெருக்கி விஷயத்தில் எங்கள் மேல் வருத்தப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை பொதுவாக அனுமதி தருவதில்லை. 2007இல் உயர் நீதிமன்றம் போட்ட கட்டளை அது. பொலிஸைத் திட்டிப் பயனில்லை.

கடைசியாகக் கட்டை போட்ட பிள்ளைகள். பாலத்திலிருந்து இறங்குகிற வளைவில் தேருக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் பிடித்தவர்கள் ஒரு பக்கம். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நடந்து, ஒவ்வொரு உருளலுக்கும் கட்டையைப் போட்டு எடுத்தவர்கள் மறுபக்கம். கையை எப்போது எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை. தேர் பார்த்த யாரும் அவர்களைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த தோட்டங்களின் விழாக் குழுக்கள் கேட்டால் எங்கள் கடிதங்களின் பிரதியையும் பாதை வரைபடத்தையும் தருகிறோம். இரவல் வாங்கிய தடுப்புகளை எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. இரண்டு மட்டும் பெயின்ட் அழிந்து யாருடையது என்று தெரியாமல் கோவில் மண்டபத்தில் கிடக்கின்றன. உரியவர்கள் பெரிய கிளாக்கரிடம் சொல்லிவிட்டு எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
திருவிழாக் குழுவினர்